பெயரை மறைத்து மூளைப்படம் பார்த்த டாக்டர் பாண்டீஸ்வரிக்குக் கீழ்த்தளத்தார் வாசித்தளிக்கும் மடல்

பரவை மண் பெற்றெடுத்த பாண்டீஸ்வரி அம்மையே! படம் பார்த்துப் பதம் சொல்லும் பண்பின் பெட்டகமே! உதறும் கையோடு உள்ளே வந்தவர்களை உட்கார வைத்து, உண்மை சொல்லி, உள்ளத்தில் உரமேற்றி அனுப்பிய உத்தமியே! காமிரா கிறுக்குப் பண்ணினாலும் கலங்காத கண்ணியமே! சுடச்சுடக் கொடுத்த காப்பியை மேசையில் மறந்துவிட்டு, அரை மணி கழித்து "ஏம்ப்பா, இதை ஏன் ஆறவச்சுக் குடுக்குறீங்க?" என்று எங்கள் மீதே பாயும் எங்கள் பாசத் தலைவியே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், அணு மருத்துவப் பிரிவின் அத்தனை பேரும் கைகூப்பிச் சொல்கிறோம், வணக்கம், வணக்கம், வணக்கம்!

அம்மா, இப்படியே இன்னும் நாலு பக்கம் அடுக்க எங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களையும் எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே புகழ ஆரம்பித்தால் "போன் வருது" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் வேறு யாரோ ஒரு டாக்டரின் கதையைச் சொல்வது போலச் சொல்லப்போகிறோம். நீங்களும் அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தால் போதும். எங்களுக்குத் தெரியாமல் நடந்தவற்றை நீங்களே பின்னால் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். உப்பும் காரமும் மட்டும் எங்களுடையவை. சபையோர் பொறுத்தருள்க!

வண்டியூர்ப் பக்கம் நம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், லிஃப்டைவிட்டு இறங்கி இடப்புறம் திரும்பினால் டாக்டர் பாண்டீஸ்வரியின் ராஜ்ஜியம். கை நடுங்குகிறது, நடை இழுக்கிறது, முகத்தில் சிரிப்பே வரமாட்டேன் என்கிறது என்று ஒருவர் வந்து, நரம்பு டாக்டருக்கே ஒரு சந்தேகம் தட்டும்போது, அவரை இங்கே அனுப்பி வைப்பார்கள். ஒரே மாதிரி உதறும் இரண்டு கைகளில் ஒன்று பார்க்கின்சன் நோயால் உதறும். இன்னொன்று பரம்பரையாக வரும் வெறும் நடுக்கமாக இருக்கும், அல்லது எதற்கோ சாப்பிட்ட மாத்திரையின் வேலையாக இருக்கும். வெளியே நின்று பார்த்தால் சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் எங்கள் காமிரா. காலையில் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, மதியம் வரை காக்கவைத்து, தலையைப் பட்டை போட்டுக் கட்டிப் படம் எடுத்தால், நம் அசைவுகளை ஒழுங்கு பண்ணும் நரம்பு முனைகள் மூளைக்குள் எங்கெங்கே உயிரோடு இருக்கின்றனவோ அங்கெல்லாம் வெளிச்சம் விழும். எல்லாம் சுகமென்றால் இரண்டு முந்திரிப்பருப்பை எதிரெதிரே வைத்தது போலத் தெரியும். பார்க்கின்சன் என்றால் பருப்பின் வால் தேய்ந்து மொச்சைக்கொட்டையாக உருண்டு நிற்கும். இடப்பக்கம் தேய்ந்தால் வலது கையும், வலப்பக்கம் தேய்ந்தால் இடது கையும் முரண்டு பிடிக்கும். எனவே எங்கள் பிரிவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு ஒன்றுதான்: முந்திரியா, மொச்சையா?

"படம் மட்டும் வியாதியச் சொல்லாது. ஆளையும் பாரு, அவர் நடக்கிறதையும் பாரு, அவர் முழுங்குற மாத்திரையையும் பாரு" என்பது டாக்டர் ஓயாமல் சொல்லும் சொல். பழைய நகரத்துத் தையற்கடை உமர் பாரூக் அதற்குச் சாட்சி. கை உதறுகிறது, பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம்தான் என்று யாரோ சொல்லிவிட, மனுஷர் கல்யாணத் துணி தைக்க எடுப்பதையே நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்தால் அழகான முந்திரி! டாக்டர் அவர் மனைவி அஜ்மல் பீவியைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் கொண்டுவரச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கென்று கடையில் தானாக வாங்கி வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்த கேஸ் மாத்திரை அதில் கிடந்தது. அதுதான் கையை உதறவைத்திருக்கிறது. நரம்பு டாக்டர் அதை நிறுத்த, சில மாதத்தில் கை அடங்கிவிட்டது. "அல்லாட கிருபையில ஊசியில நானே நூல் கோக்குறேன் மேடம்" என்று ஒரு தூக்குச் சட்டி நிறைய பிரியாணியோடு வந்து நின்றார் உமர் பாரூக். அன்றைக்குக் கீழ்த்தளத்தில் யாரும் சரியாக வேலை பார்க்கவில்லை.

சோழவந்தான் பக்கத்துப் பேயாண்டி ஐயாவை மட்டும் விட்டுவிட முடியுமா? மூளைப்படம் என்றதும் மனுஷர் சரிகை வேட்டி, பவுடர், பட்டையாக விபூதி சகிதம் வந்திறங்கினார். போட்டோவில் கை ஆடிவிடக் கூடாதென்று நடுக்க மாத்திரையில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வேறு வந்திருந்தார். "ஐயா, இதுல உங்க மூஞ்சி விழாது, மூளைதான் விழும்" என்றார் டாக்டர். "அடக் கெரகமே! அதுக்கு எண்ணெ தேய்க்க முடியாதே தாயி!" என்றார் அவர். டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டியதற்காக அதே மூச்சில் அவரைக் காய்ச்சி எடுத்தார்.

இப்போது எங்கள் பிரிவின் வழக்கம் ஒன்றைச் சபையோர் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னொரு காலத்தில், எங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவரின் படம் வந்தது. முந்திரியாக இருக்கக் கூடாதா, முந்திரியாக இருக்கக் கூடாதா என்று ஏங்கி ஏங்கிப் பார்த்ததில், மொச்சையே எங்கள் கண்ணுக்கு முந்திரியாகத் தெரிந்துவிட்டது. முடிவு வெளியே போவதற்குள் டாக்டர் அதைப் பிடித்துவிட்டார். "பேர் தெரிஞ்சா கண்ணு கெட்டுப்போகுதுப்பா" என்றார். மறுநாளிலிருந்து, டெக்னீசியன் அழகுபாண்டி ஒவ்வொரு படத்தையும் திரையில் போட்ட கையோடு, பெயரும் வயதும் இருக்கிற இடத்தில் காயத்துக்குப் போடும் வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டிவிடுவார். டாக்டர் பாண்டீஸ்வரியும், அவரோடு பணியாற்றும் டாக்டர் ஆயிஷா சித்திகாவும் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சொல்லி முடித்த பிறகுதான் பிளாஸ்திரியை உரிக்கலாம். சொன்னதை மாற்றக் கூடாது. வந்திருப்பவர் மந்திரி வீட்டு ஆளானாலும் சரி, மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவரானாலும் சரி, பிளாஸ்திரி ஒன்றுதான். அந்தத் திரை முழுக்கப் பசை அப்பிக்கிடப்பதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சரி, கதைக்கு வருவோம். போன வருஷம் டாக்டருடைய தம்பி மகள் கல்யாணம் பரவையில் நடந்தது. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்த்தது. சீர்த்தட்டை வைத்துவிட்டு டாக்டர் மேடையிலிருந்து இறங்கி நடந்து வருகிறார். இடது கை ஜம்மென்று வீசி வருகிறது. வலது கை வீசவில்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பை ஒன்றைத் தூக்கி வருவது போலத் தொங்குகிறது. டாக்டர் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். "என்ன மதினி, சேலை நல்லாத்தானே இருக்கு?" என்றார் தம்பி மனைவி. "சேலை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைக் கொடுத்துவிட்டார்.

அதே நடையோடு வந்த எத்தனை பேரை எங்கள் வராந்தாவில் பார்த்தவர் அவர்! வேறு யாராவது அப்படி நடந்து வந்திருந்தால் கதவுக்குள் நுழையும் முன்னே ஊகித்திருப்பார். தனக்கென்றதும் அவருக்கும் சாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. தோள்பட்டை பிடித்திருக்கும். கைப்பை கனம். கல்யாண வீட்டு அலைச்சல். ஆனால் வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் போட வலது கை மக்கர் பண்ணியது. முட்டை அடித்தால் கரண்டி நினைத்த வேகத்துக்குச் சுழலவில்லை. ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்தது. இப்படியே கமுக்கமாக இருந்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போய்விடலாமே என்றும் ஒருநாள் நினைத்தாராம். பிறகு அவருக்கே அவர்மேல் கோபம் வந்ததாம்.

இங்கே படம் எடுத்தால் ஊசி போடும்போதே எங்கள் முகம் கோணிவிடும், பிறகு யார் கண்ணையும் நம்ப முடியாது என்று அவர் கணக்குப் போட்டார். கோயம்புத்தூரில் ஒரு விசேஷம் என்று எங்களிடம் பொய் சொல்லிவிட்டு, அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு, முடிவு சொல்ல வேண்டாம் என்று படத்தை மட்டும் ஒரு குறுந்தட்டில் வாங்கி வந்தார். அதைத் தானும் பார்க்கவில்லை. ஏன் மேடம் பார்க்கவில்லை என்று பின்னால் கேட்டோம். "பயந்தான்ப்பா, வேற என்ன?" என்றார்.

வெளியூர்ப் படங்கள் கருத்துக் கேட்டு எங்களிடம் வருவது வழக்கந்தான். அந்தக் குறுந்தட்டை, பெயர் வெளியே தெரியாதபடி அவரே ஏற்றி, படத்தில் கண் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரே பிளாஸ்திரியும் ஒட்டி, அன்றைய படங்களோடு படமாக வைத்துவிட்டார். அழகுபாண்டி சாப்பிடப் போயிருந்த நேரம். அவர் திரும்பி வந்ததும் ஆயிஷாவும் வந்து உட்கார்ந்தார். "நீ முதல்ல சொல்லு" என்றார் டாக்டர். வழக்கமாக அவர்தான் முதலில் சொல்வார். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆயிஷா திரையைப் பார்த்தார். அன்றைக்கென்று அவருக்குக் குஷி வேறு. "மேடம், இதுக்கெல்லாமா பிளாஸ்திரி? நம்ம வாட்ச்மேன் அண்ணனே சொல்லிருவாரு! மொச்சை. இடது பக்கம் வாலே இல்ல. வலது பக்கமும் லேசாத் தேய ஆரம்பிச்சிருச்சு. இந்த ஆளுக்கு வலது கை வீசாது, பொத்தான் போட மாட்டாம அவஸ்தைப்படுவாரு. பார்க்கின்சன் வகையறாதான், சந்தேகமே இல்ல."

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். "நானும் அதேதான் சொல்றேன். மொச்சை" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. பிறகு எழுந்து, தன் கையாலேயே பிளாஸ்திரியை உரித்தார். நகம் பிடிக்காமல் இரண்டு தடவை வழுக்கியது.

பாண்டீஸ்வரி என்று இருந்தது.

அடுத்து நாங்கள் செய்த காரியத்தை இந்தச் சபையில் சொல்லத்தான் வேண்டும். வேறெந்தப் பிரிவிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. படம் சரியாக விழவில்லை என்றால் ஒழிய இரண்டாம் படம் எடுப்பதில்லை என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சட்டம் பேசுகிற நாங்கள், ஒரே நிமிஷத்தில் பல்டி அடித்தோம். "மேடம், தலை சாஞ்சிருக்கு. நான் அவசரப்பட்டுட்டேன். சரியாப் பார்த்தா... வால் இருக்கிற மாதிரிதான் தெரியுது" என்றார் ஆயிஷா. "அந்த ஊர்க் காமிரா பழசு மேடம், அதை நம்பாதீங்க. நாளைக்கே நம்மகிட்ட எடுத்துருவோம்" என்றார் அழகுபாண்டி. சத்தம் கேட்டு வரவேற்பிலிருந்து ஓடி வந்த சோலையம்மாள் விஷயம் தெரிந்ததும், "அம்புட்டுக் கண்ணும் பட்டிருக்கும்மா, சுத்திப் போட்டா எல்லாஞ் சரியாப் போகும்" என்று அழத் தொடங்கிவிட்டார். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த மொச்சை எப்படியாவது முந்திரியாகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டருக்கு அப்போது வந்த கோபத்தை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "அழகுபாண்டி, எத்தனை பேருக்கு இதே நாற்காலியில உக்காந்து சொன்னோம்? அவங்களுக்கெல்லாம் மெஷின் புதுசு, எனக்கு மட்டும் பழசாப் போச்சா?" பிறகு ஆயிஷா பக்கம் திரும்பினார். "ஆயிஷா, பேர் தெரியிறதுக்கு முந்தி நீ பார்த்தது சரியா, பேர் தெரிஞ்ச பிறகு பார்க்கிறது சரியா? இப்ப நீ மாத்திச் சொன்னேன்னா, அந்தத் தையக்கடைக்காரருக்குச் சொன்னதும் பொய்யாப் போயிரும். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஒரு நோயாளிக்கு முன்னாடி உக்காருவேன்?"

ஆயிஷா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவர் மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தால் டாக்டர் அன்றே எழுந்து போயிருப்பார்; இத்தனை வருஷமும் இந்தக் கீழ்த்தளத்தில் சொன்ன எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருந்திருக்காது. கடைசியில் ஆயிஷா கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தான் முதலில் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் முடிவாக எழுதினார். எழுதும்போது கன்னம் நனைந்துகொண்டே இருந்தது. எழுதி முடித்ததும் டாக்டர் அவர் தலையில் கை வைத்தார். "இது போதும் ஆயிஷா. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி இருந்தது.

அதற்கப்புறம் ஆக வேண்டியது ஆனது. நரம்பு டாக்டர் பார்த்தார், நடக்கவிட்டார், விரலைத் தட்டச் சொன்னார், பார்க்கின்சன்தான் என்று உறுதி பண்ணி மாத்திரை கொடுத்தார். பொத்தான் மறுபடி கைக்கு வசமானது. தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் கைவீசி நடக்கிறார். வலது கை வீச மறந்தால் அதைத் திட்டிக்கொண்டே நடக்கிறார். சில நாள் சாயங்காலம் மட்டும் விரல் கொஞ்சம் ஆடும். மறைப்பதில்லை. பார்க்கின்சன் என்ற சொல்லைக் கேட்டதும் உலகமே இடிந்தது போல உட்காரும் நோயாளிகளிடம், "எனக்குந்தான் இருக்கு, நான் வேலைக்கு வரலையா? வெட்டியா அழுகாம மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க" என்று கையை நீட்டிக் காட்டுவார். போகும்போது சிலர் அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கதை முடிந்தது, அம்மா. இனி உங்களிடமே பேசுகிறோம்.

இந்த மடலுக்கு முன்னால் நாங்கள் வேறொரு மடல் எழுதினோம். அதில் கல்விக் கடல் இருந்தது, கருணை மலை இருந்தது, அன்னை இருந்தார், அமுதம் இருந்தது. வியாதி மட்டும் இல்லை. மங்களகரமான மேடையில் அது எதற்கு என்று நாசூக்காக விட்டுவிட்டோம். சோலையம்மாளை மிரட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "இது யாரோட படம்? என்னோடது இல்லையே. இதைத்தான் வாசிப்பீங்கன்னா நான் மேடைக்கு வரலை." அந்த ஒரு வார்த்தையில் எங்கள் கல்விக் கடல் வற்றிப்போய், கருணை மலை சரிந்து, இந்த மடல் பிறந்தது. இதோ, சபையறியச் சொல்லிவிட்டோம். எங்கள் டாக்டர் பாண்டீஸ்வரிக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. அவர்தான் எங்கள் பெருமை!

ஆகவே நோய் நொடியின்றி வாழ்க என்று நாங்கள் வாழ்த்தப்போவதில்லை. வாழ்த்தினால் பிளாஸ்திரியைத் தூக்கி எங்கள் வாயில் ஒட்டிவிடுவீர்கள். மாத்திரைகள் நேரம் தவறாமல் வேலை செய்க! கால் இடறாமல் காலை நடை தொடர்க! தம்பி வீட்டுப் பிள்ளைகள் உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்க! இரவில் நல்ல தூக்கம் வருக! வியாதி மெல்ல நடக்க, நீங்கள் அதைவிட வேகமாக நடக்க! நெடுங்காலம், நிம்மதியாக, நீங்கள் நீங்களாகவே வாழ்க, வாழ்க என்று மீனாட்சியையும் எல்லாம் வல்ல இறைவனையும் அவரவர் வழியில் வேண்டி வாழ்த்துகிறோம்!

இன்னும் சற்று நேரத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த மடலை ஆயிஷா உங்கள் கையில் கொடுப்பார். கனமான சட்டந்தான். சாயங்கால நேரம், உங்கள் வலது கை ஆடும். இத்தனை பேர் பார்க்க ஆடும். ஓடி வந்து தாங்கிப் பிடிக்க எங்கள் ஒவ்வொருவருக்கும் கை பரபரக்கும். நாங்கள் வர மாட்டோம், அம்மா. அவரவர் இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
டாக்டர் ஆயிஷா சித்திகா, அழகுபாண்டி, சோலையம்மாள்
மற்றும் கீழ்த்தளத்து அணு மருத்துவப் பிரிவினர் அனைவரும்
மதுரை